கைக்குப் பரீட்சையா, காசுக்குப் பரீட்சையா?

தேசிய வடிவமைப்புக் கலாசாலைகளுக்குப் பிரவேசப் பரீட்சை ஆண்டுதோறும் நடந்து வருகிறது. வைத்தியப் படிப்பின் பரீட்சையைப் பற்றிப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. இயந்திரப் படிப்பின் பரீட்சையைப் பற்றி எழுதாத பத்திரிகையும் இல்லை. ஆனால் வடிவமைப்புக் கலாசாலையின் செய்முறைப் பரீட்சையைப் பற்றியும், நேர்முக விசாரணையைப் பற்றியும் நம் அரசியல் ஊழியர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது சிந்தித்திருப்பார்கள்? இது பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விவகாரம், நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் அவ்வாறு ஒதுங்கியதும் அது செல்வர் வீட்டு விவகாரமாக முடிந்ததற்கு ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அந்தப் பரீட்சை இன்னதென்று தெரிந்துகொள்வோம். ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிலையம் இரண்டு படிகளில் மாணவரைப் பொறுக்கி எடுக்கிறது. முதற்படி எழுத்தும் சித்திரமும் கலந்த பரீட்சை. அதில் தேறியவர்களை மாத்திரம் அழைத்து இரண்டாம் படியில் அவர்கள் கைவேலையைப் பார்க்கிறார்கள். காகிதம், கம்பி, களிமண் போன்ற சாமான்களைக் கொடுத்து, ஒரு விஷயத்தையும் சொல்லி, குறித்த நேரத்துக்குள் ஓர் உருவம் செய்துகாட்டச் சொல்வது இதன் வழக்கம். முதுநிலைப் படிப்புக்கு நேர்முக விசாரணையும் உண்டு. 1995-ஆம் ஆண்டு முதல் சென்னையிலும் ஒரு கிளை கொண்டிருக்கும் ‘நிப்ட்’ என்ற தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிலையம், இளநிலை வடிவமைப்புப் படிப்புக்குச் சூழ்நிலைப் பரீட்சை என்ற பெயரில் இத்தகைய ஒன்றை வைத்திருக்கிறது. கொடுத்த சாமான்களைக் கொண்டு ஒரு மாதிரி உருவத்தைச் செய்து, அதன் கருத்தைச் சில வரிகளில் எழுதியும் காட்ட வேண்டும். இவை உருப்போட்டு ஒப்பிக்கும் பரீட்சைகள் அல்ல. கண்ணையும் கையையும் சோதிப்பதற்கென்றே ஏற்பட்டவை.

இத்தகைய பரீட்சை நமது தேசத்துக்கு ஏன் தேவையாயிற்று என்பதையும் அறிய வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் சித்திரக் கல்வி என்றால் லண்டன் நகரத்துத் தென் கென்சிங்டன் முறையே வேதவாக்கு. சுண்ணச் சிலைகளையும் அச்சுப் படங்களையும் முன்னே வைத்துக்கொண்டு கோடு பிசகாமல் நகல் எடுப்பவன் அதில் கெட்டிக்கார மாணவன். புதிதாக ஒன்றை யோசிப்பவனுக்கு அங்கே மதிப்புக் குறைவு. சுதந்திரம் பெற்றபின், 1958-ஆம் ஆண்டில், இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை தந்தார்கள். நம் நாட்டில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களில் அவர்கள் முதன்மையாக எடுத்துப் பேசியது அரண்மனையை அல்ல, ஆபரணத்தையும் அல்ல. சாதாரண ஜனங்கள் தண்ணீர் மொண்டு செல்லும் லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் செம்பின் இனத்தைச் சேர்ந்த பாத்திரத்தை. அந்த அறிக்கையின் பயனாக 1961-ஆம் ஆண்டில் ஆமதாபாத் நிலையம் தோன்றியது.

அந்த லோட்டாவைப் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்விகளே இன்றைய மாணவனுக்கு நல்ல பாடபுத்தகம் என்று சொல்லலாம். அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்குகிறவர் ஆணா, பெண்ணா, குழந்தையா? இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், தலையில் வைத்தால் எப்படி நிற்கும்? நிறைந்திருக்கும்போது கனம் எங்கே தங்கும், காலியாகும்போது எங்கே தங்கும்? வாய் எவ்வளவு அகன்றால் ஊற்றவும் மொள்ளவும் கழுவவும் சௌகரியம்? உள்ளே இருப்பது சூடாக இருந்தால் கையால் பிடிக்க முடியுமா? விலை என்ன? பழையதானால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும்? ஒரு பாத்திரத்தைப் பார்த்து இத்தனை கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவன் பாதிப் பரீட்சையில் தேறிவிட்டான் என்று நாம் துணிந்து கூறுவோம்.

இனி இன்று நடப்பதைப் பார்ப்போம். பெரிய நகரங்களில் பயிற்சிக்கூடங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பயின்ற ஒரு பிள்ளை நமக்குச் சொன்ன செய்தி இது. அங்கே நான்கைந்து உருவங்களை மனப்பாடமாகச் செய்யப் பழக்குகிறார்களாம். பரீட்சையில் ‘மழை’ என்று கேட்டாலும் சரி, ‘திருவிழா’ என்று கேட்டாலும் சரி, கற்றுவைத்த காகிதப் பூவையோ கம்பி மயிலையோ செய்து முடித்து, கேள்விக்குப் பொருந்தும்படி இரண்டு வாக்கியம் எழுதிவிட வேண்டுமாம். நேர்முக விசாரணைக்கும் விடைகளை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறார்களாம். எந்த நகல் முறையை ஒழிக்க இந்தப் பரீட்சை வந்ததோ, அதே நகல் முறை கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. முன்பு சுண்ணச் சிலையைப் பார்த்து நகல் எடுத்தார்கள், இப்போது பணம் கொடுத்து நகல் எடுக்கிறார்கள் என்பதே வித்தியாசம்.

இதன் பலன் யாரைப் பாதிக்கிறது? மானாமதுரையில் தந்தையின் சக்கரத்தருகே உட்கார்ந்து, மண்ணின் ஈரத்தை விரலால் அறிந்து வளர்ந்த குயவர் மகனைப் பாதிக்கிறது. பத்தமடையில் கோரையைக் கிழித்துச் சாயமேற்றிப் பாய் நெய்யும் வீட்டுப் பெண்ணைப் பாதிக்கிறது. சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, உலோகம் வார்க்கும் ஸ்தபதியின் பிள்ளையைப் பாதிக்கிறது. இவர்களுடைய கையில் உள்ள வித்தையை எந்தப் பயிற்சிக்கூடமும் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. ஆயினும் நிப்டின் எழுத்துப் பரீட்சையின் வினாத்தாள் அவர்களுடைய தாய்மொழியில் இல்லை. நிப்டின் பொதுத்திறன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வருகிறது. தமிழில் வருவதில்லை. லோட்டாவைப் புகழ்ந்து பிறந்த கல்வியின் வாசலில், லோட்டா செய்பவன் மகன் பாஷை தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறான். இதைவிட வெட்கப்படத்தக்கது வேறொன்று உண்டா?

“பயிற்சியில்லாமல் போனால் பரீட்சையின் போக்கே தெரியாதே, பிள்ளை திகைத்துவிடுமே” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. பரீட்சையின் அமைப்பையும், நேரக் கணக்கையும், கொண்டுபோக வேண்டிய கருவிகளையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அது அந்தந்த ஆண்டின் அறிக்கையையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் கற்கக்கூடிய விஷயம். மற்றதெல்லாம் வீட்டிலும் வீதியிலும் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி. அதைச் சற்று விவரித்துச் சொல்லுவது நமது கடமை.

முதலாவது, தினந்தோறும் நேரில் பார்த்து வரைய வேண்டும். படத்தைப் பார்த்துப் படம் வரைவதால் பயனில்லை. தன் இடது கையை வரையட்டும், கழற்றிப்போட்ட செருப்பை வரையட்டும், தண்ணீர் பாதி நிறைந்த கண்ணாடித் தம்ளரை வரையட்டும். பஸ் நிலையத்தில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருப்பவரையும், பூக் கட்டுகிற பெண்மணியின் விரல்களையும் வரையட்டும். ஒரே நாற்காலியை மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்தால் தூரத்தின் இலக்கணம் தானே விளங்கும். சித்திரம் அழகாக இருக்க வேண்டும் என்பதைவிட, பார்த்தது பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

இரண்டாவது, சாமான்களோடு பழக வேண்டும். பழைய பத்திரிகைக் காகிதம், அட்டை, கம்பி, நூல், துணித்துண்டு, ஈர்க்குச்சி, களிமண் இவை போதும். காகிதம் தட்டையாக இருந்தால் துவளும், மடித்தால் நிமிரும், சுருட்டினால் தூணாகும். கம்பி கோடாக ஓடும், ஆனால் பரப்பைத் தராது. மண் கனத்தைத் தாங்கும், ஆனால் மெல்லிய கிளையாக நீளாது. ஒவ்வொரு சாமானின் சுபாவத்தையும் விரல் அறிந்துவிட்டால் பரீட்சை மண்டபத்தில் எதைக் கொடுத்தாலும் பயம் வராது.

மூன்றாவது, நேரத்தைப் பங்கிடப் பழக வேண்டும். கேள்வியைப் படித்தவுடன் கத்தரிக்கோலை எடுப்பவன் பெரும்பாலும் தோற்கிறான். முதலில் மூன்று நான்கு யோசனைகளைச் சிறு கோட்டுப் படங்களாகப் போட்டுப் பார்த்து, மனத்தில் முதலில் தோன்றியதைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுவாகவே இருக்கும். பிறகு ஒன்றைத் தேர்ந்து, அடிப்பாகத்தைப் பலமாக அமைத்து, பசை காயும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சாய்ந்து விழும் அற்புதத்தைவிட நேராக நிற்கும் எளிய உருவம் மேல். முடிவில், ஏன் இப்படிச் செய்தேன் என்பதை நான்கு தெளிவான வாக்கியங்களில் எழுதச் சாவகாசம் மிச்சம் இருக்க வேண்டும்.

நேர்முக விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மாணவனுடைய ஆங்கிலத்தை அளப்பதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. அவனிடம் சொந்தப் பார்வை உண்டா என்று அறியவே அழைக்கிறார்கள். ஆதலால் பளபளப்பான இருபது படங்களைவிட, பிழையும் திருத்தமும் தெரியும் ஐந்து வேலைகளை எடுத்துச் செல்வது நலம். முதலில் என்ன நினைத்தேன், எங்கே தவறினேன், எப்படி மாற்றினேன் என்று சொல்லக்கூடியவனே கற்கத் தகுந்தவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. தன் ஊரைப் பற்றி, தன் வீட்டுத் தொழிலைப் பற்றிக் கேட்டால் தலை குனியவும் கூடாது. தறியின் ஓசையிலே வளர்ந்தவன் அதை மறைத்துவிட்டு அயல்நாட்டு ஓவியர் பெயர்களை ஒப்பித்தால், கையில் உள்ள பொன்னை எறிந்துவிட்டுப் பித்தளையைக் காட்டினவன் ஆவான். பேச்சு தடைப்பட்டால் எளிய வாக்கியங்களில், கைவேலையைத் தொட்டுக்காட்டிப் பேசட்டும்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் அறியாத ஒரு செய்தியையும் சொல்ல விரும்புகிறோம். கைவினைஞர்களுக்கும் அவர்களுடைய மக்களுக்கும் என்று நிப்ட் நிலையம் சமீப ஆண்டுகளில் தனி வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. மத்திய சர்க்காரின் கைத்தறி, கைவினை இலாகாக்கள் வழங்கும் அடையாள அட்டையே அதற்கு ஆதாரம். செய்முறைப் பரீட்சையும் நேர்முக விசாரணையுமே அதில் பிரதானம். இது நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் திறந்த கதவு இருக்கும் தெரு தெரியாவிட்டால் என்ன பயன்? எத்தனை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இந்த அறிவிப்பு தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறது?

சர்க்காரை மாத்திரம் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே குழந்தைகளின் கல்வி அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நம் பள்ளிகளில் சித்திர வகுப்பு, கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் வகுப்பாகவே பல இடங்களில் இருக்கிறது. “படம் போட்டுப் பொழுதைப் போக்குகிறான்” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தகப்பனார்கள் நம்மிடையே உண்டு. “உளி பிடித்த கஷ்டம் என்னோடு போகட்டும்” என்று மகனைப் பட்டறைப் பக்கமே வரவிடாத கைவினைஞரும் உண்டு. அவர் பட்ட வறுமை அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அந்த உளிப் பழக்கமே மகனைப் பெரிய கலாசாலைக்குள் கொண்டுபோகும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லையே, அந்தக் குற்றம் நம்முடையது.

ஊர்தோறும் வாசகசாலைகள் நடத்தும் தொண்டர்களுக்கு நமது வேண்டுகோள் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உங்கள் மண்டபத்தைச் சித்திரம் எழுதுவதற்கும் உருவம் செய்வதற்கும் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் குயவரை அழையுங்கள், மறுவாரம் தச்சரை அழையுங்கள், அவர்களை ஆசிரியர் ஆசனத்தில் உட்கார வையுங்கள். பிரவேச அறிக்கைகளைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். விண்ணப்பம் அனுப்பத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்து உதவுங்கள். அகில இந்தியப் பரீட்சைகளின் வினாத்தாள்கள் தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும் வர வேண்டும் என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகளை விடாமல் வற்புறுத்துங்கள். கோஷம் போடுவதைப்போல இது ஆரவாரமான வேலை அல்ல. ஆனால் அடுத்த பரீட்சைக்குள் உங்கள் ஊரிலிருந்து ஒரு குயவர் வீட்டுப் பிள்ளையாவது அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்து, கொடுத்த களிமண்ணைக் கையிலெடுத்து, “இது எனக்குத் தெரிந்த சாமான்” என்று தைரியம் கொள்ளுமானால், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை என்று அறியுங்கள்.