ஐ9 போட்டால் கேம் பறக்காது

கேம் ஆடுவதற்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்களிடம் வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. விலை கூடிய பிராசஸரை வாங்கிப் போட்டுவிட்டால் கேம் தானாகப் பறக்கும் என்பதுதான் அது. பெயரில் உள்ள எண் பெரிதாக இருக்க வேண்டும், கோர் நிறைய இருக்க வேண்டும், கிகாஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் மற்றது தன்னால் அமையும் என்பது ஐதீகம். இன்டெல்லின் கோர் ஐ9 இந்த வழிபாட்டின் மூலவர்.

சென்னையில் ஒரு கடை அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு எழுதித் தந்த கொட்டேஷன் இந்த நம்பிக்கையின் முழு உருவம். முதல் வரியில் கோர் ஐ9-14900கே. அடுத்து, அதன் சூட்டைத் தணிக்க 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர். பிறகு பி760 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. பவர் சப்ளைக்கு நேரே “650 வாட்” என்று மட்டும் இருந்தது. கம்பெனிப் பெயர் இல்லை. கடைசி வரியில் ஆர்ஜிபி ஃபேன் 7. வரைய வேண்டிய கார்டுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, வரையாத பிராசஸருக்கு அள்ளிக் கொடுத்த இந்தக் காகிதத்துக்குத்தான் “கேமிங் பிசி” என்று பெயர்.

கேம் ஓடும்போது பிராசஸரின் வேலை திட்டவட்டமானது. ஆடுபவர் அழுத்திய பட்டனைப் படிக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் பாய்கிறது, சுவர் எப்படிச் சரிகிறது என்று கணக்குப் போடுகிறது. அடுத்த ஃபிரேமில் என்னென்ன வரைய வேண்டும் என்ற பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கிறது. வரைவது முழுக்கக் கார்டின் பொறுப்பு. திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் வர வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 ஃபிரேம் என்றால் 6.9 மில்லிநொடி. பிராசஸர், கார்டு இரண்டில் எது தாமதமோ அதன் வேகம்தான் கேமின் வேகம். பிராசஸர் 4 மில்லிநொடியில் பட்டியலை எழுதி முடிக்கிறது, கார்டு வரைய 20 மில்லிநொடி எடுக்கிறது என்றால் திரையில் வருவது நொடிக்கு 50 ஃபிரேம்தான். அந்த 4 மில்லிநொடியை 3 ஆக்குவதற்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தால் 50 என்பது 51 கூட ஆவதில்லை.

திரை பெரிதாகப் பெரிதாக இந்த ஏமாற்றமும் பெரிதாகிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் சுமார் 83 லட்சம். கார்டுக்கு வேலை நான்கு மடங்கு. பிராசஸரின் பட்டியலோ ஏறக்குறைய அதே பட்டியல்தான். அதனால் 4கே-யில் 200 டாலர் பிராசஸருக்கும் 600 டாலர் பிராசஸருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான கேம்களில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிராசஸர்களைச் சோதிப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற, 1,599 டாலருக்கு வந்த கார்டைப் பொருத்தி, திரையையும் 1080பி-க்கு இறக்கிவைத்துச் சோதிக்கிறார்கள். கார்டு தடையாக நிற்காத சூழலில்தான் பிராசஸர்களின் வித்தியாசம் வெளியே தெரியும். ஆய்வுக்கு அது சரியான முறை. ஆனால் அந்தச் சோதனையின் பட்டை வரைபடத்தை எடுத்து 4060 வாங்க வந்தவரிடம் நீட்டி, “பாருங்க, எவ்வளவு வித்தியாசம்!” என்பது வியாபாரம்.

வெளியீட்டு விலைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தாலே போதும். ஐ9-14900கே 589 டாலர், ஆர்டிஎக்ஸ் 4060 299 டாலர், மொத்தம் 888. அதற்குப் பதில் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600 229 டாலர், ஆர்டிஎக்ஸ் 4070 599 டாலர்; மொத்தம் 828. இந்த ரைசனின் டப்பாவுக்குள்ளேயே கூலரும் வருகிறது. 4060-இல் 3,072 குடா கோர், 8 ஜிபி நினைவகம். 4070-இல் 5,888 குடா கோர், 12 ஜிபி. 1440பி திரையில் இரண்டாவது ஜோடி முதல் ஜோடியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும்; 60 டாலர் மிச்சமும் ஆகும். கூட்டல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. அதை யாரும் போடாமலிருக்கும்வரை மூலவருக்கு உண்டியல் நிரம்பும்.

“பணம் ஒரு பொருட்டல்ல, கேமுக்கு ஆகச்சிறந்த பிராசஸர்தான் வேண்டும்” என்பவருக்கும் ஐ9 விடையல்ல. 2023 ஏப்ரலில் ஏஎம்டி 449 டாலருக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி-யை வெளியிட்டது. எட்டு கோர், உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். ஆறு மாதம் கழித்து, 2023 அக்டோபரில் வந்தது ஐ9-14900கே. அதற்கு 24 கோர், 6 கிகாஹெர்ட்ஸ், 140 டாலர் கூடுதல் விலை. கோரில் மூன்று மடங்கு, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இத்தனை சீர்வரிசையோடு வந்தும், பல கேம்களைச் சேர்த்துச் சராசரி பார்த்த பெரும்பாலான சோதனைகளில் முந்தி நின்றது பழைய 7800எக்ஸ்3டி-தான்.

காரணம் கேஷ். கேமில் பிராசஸருக்கு வேண்டிய தரவு ஒரே இடத்தில் அடுக்காக இருப்பதில்லை. நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பிராசஸருக்குள்ளேயே உள்ள எல்3 கேஷிலிருந்து எடுத்தால் பத்து நானோநொடி வாக்கில் வேலை முடியும். ரேம் வரை போய்வர எழுபது, எண்பது நானோநொடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் அதற்குள் 350 சுற்றுக்கு மேல் சும்மா இருக்கிறது. அதே கோரை 6 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 420 சுற்றுக்கு மேல் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் வேகம் கூடும், அவ்வளவுதான். 7800எக்ஸ்3டி-யில் வழக்கமான 32 எம்பி கேஷின் மேல் இன்னொரு 64 எம்பி அடுக்கப்பட்டு, மொத்தம் 96 எம்பி ஆகிறது. 14900கே-யில் எல்3 36 எம்பி. கேமுக்குத் தேவைப்படுவது இந்த எண். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதோ வேறு எண்.

கோர் பக்தர்களுக்கு ஏஎம்டியின் வீட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 7800எக்ஸ்3டி-க்குச் சுமார் ஐந்து வாரம் முன்பு வந்த ரைசன் 9 7950எக்ஸ்3டி-க்கு 16 கோர், விலை 699 டாலர். அதன் கோர்கள் எட்டு எட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. கூடுதல் கேஷ் அடுக்கியிருப்பது ஒரு சில்லின் மேல் மட்டும். அதனால் விண்டோஸின் கேம் பாரும் ஏஎம்டியின் டிரைவரும் சேர்ந்து, ஓடுவது கேம்தான் என்று அடையாளம் கண்டு, கூடுதல் கேஷ் இல்லாத எட்டு கோர்களையும் தூங்கவைக்கின்றன. 16 கோருக்குப் பணம் கட்டியவர், கேம் ஆடும்போது எட்டு கோரைத் தூங்கவைத்து 7800எக்ஸ்3டி-யாக மாற்றிக்கொள்கிறார். அதற்காக அவர் கூடுதலாகக் கொடுத்தது 250 டாலர். கேம் பார் அந்தக் கேமை அடையாளம் காணத் தவறினால் அந்த மாற்றமும் நடப்பதில்லை.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் எட்டு கோர் பிராசஸரோடு வந்தவை. பெரிய கேம்கள் பலவும் இந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. 14900கே-யின் 24 கோரில் முழுத் திறன் கோர்களும் எட்டுதான். மீதி 16 சிக்கனக் கோர்கள். வீடியோ ரெண்டருக்கு அவை உதவும். கேமுக்கு அவை வேலை செய்வதைவிட டாஸ்க் மேனேஜரில் கட்டம் கட்டமாக அழகு காட்டுவதே அதிகம்.

வேகத்தை 6 கிகாஹெர்ட்ஸுக்கு முறுக்கியதற்கு விலை மின்சாரம். 14900கே-க்கு இன்டெல் குறித்த உச்ச வரம்பு 253 வாட். அதுவும் போதாதென்று, மதர்போர்டுகள் பல அந்த வரம்பை 4,096 வாட் என்று வைத்தே கடைக்கு வந்தன. அதாவது வரம்பே கிடையாது. 7800எக்ஸ்3டி கேமில் பெரும்பாலும் 100 வாட்டைத் தொடுவதில்லை. வீட்டில் பலரும் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். ஐ9-உம் பெரிய கார்டும் சேர்ந்து இழுக்கும்போது கரண்ட் போனால், கேமை சேவ் செய்யக்கூட நேரம் இருக்காது.

இழுத்த மின்சாரத்துக்கு 2024-இல் பலன் தெரிந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேல்தட்டு பிராசஸர்களில் கேம்கள் நடுவிலேயே நின்றன. அன்ரியல் எஞ்சினில் ஓடும் கேம்களில் திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது. பழுதானது பிராசஸர், பழி விழுந்தது கிராபிக்ஸ் கார்டின் மேல். பிராசஸருக்கு மிகையான வோல்டேஜ் போவதாக இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது; ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் தந்தது; வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை எந்தத் திருத்தமும் சரிசெய்யவில்லை. அப்போதும் 7800எக்ஸ்3டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இப்போதே ஐ9 போட்டுவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை” என்பது அடுத்த வேதவாக்கு. 2020-இன் ஐ9-10900கே-க்குப் பத்து கோர். 2021 மார்ச்சில் 539 டாலருக்கு வந்த ஐ9-11900கே-க்கு எட்டு கோர். பெயர் ஏறியது, கோர் இறங்கியது. அதே நாளில் அதே எட்டு கோருடன் ஐ7-11700கே 399 டாலருக்கு வந்தது. பிறகு 2021 நவம்பரில் 289 டாலருக்கு வந்த ஐ5-12600கே, அந்த 11900கே-யைக் கேம்களில் தாண்டிப் போனது. பத்து வருஷக் கவலையின்மை எட்டு மாதம்கூட நீடிக்கவில்லை. 11900கே பொருத்தியவருக்கு அந்த சாக்கெட்டில் மேலே போக வழியும் இல்லை. மாறாக, 2017-இல் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர் 2022-இல் பயாஸை மட்டும் புதுப்பித்து, 7800எக்ஸ்3டி-யின் முன்னோடியான 5800எக்ஸ்3டி-யை அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். எதிர்காலம் சாக்கெட்டில் இருக்கிறது. பிராசஸரின் பட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் ஐ9 என்ற பெயரையே விட்டுவிட்டு, 589 டாலருக்கு வந்த கோர் அல்ட்ரா 9 285கே பல கேம்களில் பழைய 14900கே-க்கே பின்தங்கியது. அடுத்த மாதம் ஏஎம்டி 479 டாலருக்கு 9800எக்ஸ்3டி-யை இறக்கியது. அதற்கும் எட்டே கோர்தான்.

லேப்டாப்பில் இருப்பது உற்சவர்: பெயர் அதே, உருவம் சிறிது. மேசைக் கம்ப்யூட்டரின் ஐ9-13900கே-க்கு 24 கோர். லேப்டாப்பின் ஐ9-13900ஹெச்-க்கு 14. கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் விற்கலாம், 115 வாட்டும் விற்கலாம். வாட் எவ்வளவு என்று விளம்பரத்தில் தேடினால் கண் வலிக்கும். ஐ9 ஸ்டிக்கரோ கீபோர்டு ஓரத்தில் பளபளக்கும்.

பிராசஸருக்கு லட்சார்ச்சனை செய்யும் வீடுகளில் மற்றவை கிடக்கும் கிடையைப் பார்த்தால் பரிதாபம். ரேம் ஒரே ஸ்டிக்காக இருப்பதால் இரண்டு சேனலில் ஒன்று காலி. நினைவகத்தின் அலைவரிசை பாதி. 6000 என்று விலை கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி-யையோ எக்ஸ்போ-வையோ போடாததால் 4800-இல் நடக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸில் மாற்றாததால் 60-இல் நிற்கிறது. சிலர் மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகிவிட்டு, ஐ9 போட்டும் கேம் திணறுகிறதே என்று புலம்புகிறார்கள். கொட்டேஷனில் இருந்த பி760 போர்டில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய வழியில்லை. ஆனாலும் ஓவர்கிளாக்குக்கென்றே வரும் ‘கே’ பிராசஸருக்குப் பணம் கறக்கப்படுகிறது. ஏழு ஃபேனும் ஏழு நிறத்தில் சுழல்வதால் கூடும் ஃபிரேம் எத்தனை என்று கேட்டால் பதில் வராது.

ஸ்ட்ரீமிங் செய்ய ஐ9 வேண்டும் என்பதும் பழைய பாட்டு. என்விடியா கார்டுகளில் வீடியோவை என்கோடு செய்வதற்கென்றே என்வென்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது; 4060-இலும் இருக்கிறது. நாள் முழுக்க 3டி ரெண்டர், பெரிய மென்பொருள் கம்பைல் என்று பிழைப்பு நடத்துபவர்களுக்கு 24 கோர் சோறு போடும். அவர்கள் வாங்கட்டும், அது கேமிங் பிசி அல்ல.

கேமுக்குத் தேர்ந்தெடுக்கும் வரிசை எளியது. முதலில் மானிட்டர்: எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ். அதற்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு அடுத்து. பட்ஜெட்டின் பெரும்பங்கு அதற்கே. 60 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை ஆடுபவருக்கு, அண்மைத் தலைமுறையின் ஆறு கோர் பிராசஸர் பெரும்பாலும் போதும். 240 ஹெர்ட்ஸில் போட்டி ஆட்டம் ஆடுபவரும், சிமுலேஷன் கேம்களில் ஊரையே கட்டி எழுப்புபவரும் எக்ஸ்3டி வகைக்குப் போகலாம். ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். பவர் சப்ளைக்கு வாட்டோடு கம்பெனிப் பெயரும் பில்லில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பணம் மிஞ்சினால் அது ஒரு படி மேலான கார்டுக்குப் போக வேண்டும், ஐ9-க்கு அல்ல.