வீரனது ஈமக்கடனும் அவன் பெயரும்

போர்வீரன் ஒருவன் இறந்துபட்டால் அவனுடல் யாருக்கு உரியது? ஈன்று வளர்த்த குடும்பத்துக்கா, அவன் கடமையாற்றிய படைக்கா? கல்லூரிக் கடேற் படையில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலைகுனிந்து நிற்கப் பழகியோர் சிலரேனும் இவ்வினாவை எண்ணியிருத்தல் கூடும். படையிற் சேர்ந்த சைவ இளைஞர் எவர்க்கும் இது வீண் வினாவன்று.

படை மரியாதை என்பது கட்டளைப்படி நிகழ்வது. கொடி போர்த்த பேழை, மெதுநடை, மும்முறை வேட்டு, இறுதியிற் பியூகிள் ஓசை. இவை பெரும்பாலும் ஐரோப்பியப் படைகளின் வழக்கிலிருந்து வந்தவை, புதைகுழியை நடுவாகக் கொண்டவை. நமது அபரக்கிரியையோ உறவின் கையால் நிகழ்வது. வீட்டிலே சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் ஓதுவர். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். உற்றார் வாய்க்கரிசி இடுவர். சுடலையிலே புதல்வன் குடந் தாங்கிச் சுற்றிவந்து கொள்ளி வைப்பான். இவற்றுள் எதனையும் ஓர் அதிகாரி தன் ஆணையால் நிறைவேற்றி வைத்தல் இயலாது.

இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் எல்லை யாது? இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கொடிச் சட்டக்கோவை நல்லதொரு வழி காட்டுகின்றது. பாடையின்மீது போர்த்தும் கொடியிற் காவி நிறம் தலைப்பக்கமாக அமைதல் வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. கொடியின் மாண்பு கருதியே இவ்விதி எழுந்தது. எனினும் கிரியைக்கும் அது இடந் தருகின்றது. கொடியை எடுத்து மடித்தபின் சிதையிற் கிடப்பவன் படைவீரனல்லன். ஒரு தாயின் மகன். அக்கணமுதல் படை சற்றே விலகி நிற்பதே முறையென்பது என் துணிபு. வேட்டொலி தீ மூட்டுமுன் எழலாம், மூட்டியபின்னும் எழலாம். ஓதுவார் தேவாரத்தின்மேல் எழலாகாது. குருக்கள் பாதணியைக் கழற்றும்படி கேட்டால் அதிகாரி அதனை இழிவெனக் கொள்ளவேண்டா. சீருடையணிந்தவன் தொப்பியைக் களையாது நின்றானென்று நம்மவர் சினப்பதும் தகாது. தலையை மூடி வணங்குதலே அவனறிந்த மரியாதை. (செத்தவீட்டிற் சினப்பதற்குக் காரணந் தேடுவோர் எவ்வூரிலும் உளர்.)

அந்நியராயினும் ஆட்சியாளர் மனம் வைத்தால் கிரியைகளைக் காத்தல் இயலும் என்பதற்குச் சான்றுண்டு. முதலாம் உலகப் போரிற் காயமுற்ற இந்திய வீரருக்காக இங்கிலாந்தின் பிறைற்றன் நகரத்து அரச மாளிகை 1914இன் இறுதியில் மருத்துவமனையாக்கப்பட்டது. சமயமும் சாதியும் நோக்கி அங்கே ஒன்பது சமையலறைகள் அமைத்தனர். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நீர்க்குழாய்களுங்கூட வேறுவேறு. அந்நகரத்து மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர் ஐம்பத்து மூவரைப் பச்சம் என்னும் ஊருக்கு அணித்தான குன்றின்மேல் தத்தம் முறைப்படி தகனஞ் செய்து, சாம்பரைக் கடலிற் கரைத்தனர். தகனம் நிகழ்ந்தவிடத்தில் எழுந்த வெண்சலவைக்கற் சத்திரியை வேல்ஸ் இளவரசர் 1921 பெப்புருவரி 1ஆந் தேதி திறந்துவைத்தார். பேரரசுக்கு இந்தியரின் பற்று வேண்டியிருந்தது. அதனாலேயே இத்துணைக் கவனம் என்பாரும் உளர். இருக்கட்டும். செய்தது செம்மையாகவே செய்யப்பட்டது.

ஆயினும் அவர்தம் பெயர்களை அங்கே எவரும் பொறித்திலர்.

பிறவிடங்களில் நிலைமை இதனினுங் கொடிது. 1929இல் திறக்கப்பட்ட பஸ்றா நினைவுச் சின்னத்தில் பிரித்தானியப் படையினருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயருண்டு. இந்தியச் சாதாரண வீரருக்குத் தொகை மாத்திரமே உண்டு. பெயரின்றியோ நினைவுச் சின்னமேயின்றியோ விடப்பட்டோர் குறைந்தது 116,000 பேர் எனவும், அத்தொகை 350,000 வரை செல்லக்கூடும் எனவும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. கிழக்காபிரிக்கரும் எகிப்தியருமே அவருட் பெரும்பாலோர்.

இந்துக்கள் உடலை எரிப்பவராதலின் அவர்க்குக் கல் எதற்கு என்று சிலர் வினவலாம். உடலை எரித்தல் வேறு, பெயரை அழித்தல் வேறு. போரில் வீழ்ந்தானுக்குக் கல் தேர்வது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு நிலை வகுத்தவர் தொல்காப்பியர். பெயரும் பெருமையும் எழுதிய நடுகற்களைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். எரிக்கும் சாதியார் பெயரை வேண்டார் என்பது நம் வழக்கறியாதார் கூற்றேயாகும்.

ஆதலின் படையிலுள்ள நம் மாணவர் தமது பதிவேட்டிற் சமயத்தை எழுதுங்கால், தம் பெயரின் சரியான எழுத்தையும், கொள்ளி வைக்க உரியார் யாரென்பதையும் சேர்த்து எழுதிவைத்தல் நன்று. பச்சம் குன்றில் அந்த ஐம்பத்து மூவரின் பெயர் பொறித்த கல் 2010இலேதான் எழுந்தது. சத்திரி திறந்து அப்போது எண்பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அவரைக் கண்டறிந்தோர் எவரும் அப்பெயர்களைப் படிக்க எஞ்சியிருந்திலர்.