ஒரு பெயர், இரு பாஷை

குழந்தை பிறந்த வீட்டில், பெயர் வைக்கும் விஷயத்தில் தகப்பனார் ஒரு பக்கமும் தாயார் ஒரு பக்கமும் பாட்டிமார் வேறொரு பக்கமும் நிற்பது எத்தேசத்திலும் உள்ள வழக்கந்தான். ஜப்பானில் வாழும் முஸ்லிம் பெற்றோர்களோ இவர்களோடு, மார்க்கம், சர்க்கார் என்னும் இரண்டு பெரியவர்களையும் திருப்தி செய்தாக வேண்டும்.

இஸ்லாம் அந்நாட்டுக்கு நேற்று வந்ததன்று. 1909-ல் யமவோகா என்னும் ஜப்பானியர் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி, உமர் என்ற பெயருடன் மக்கா யாத்திரை செய்தார். 1935-ல் கோபே நகரில் எழுந்த பள்ளிவாசலுக்கு இந்திய வர்த்தகர்களும் பொருள் கொடுத்தார்கள். உமர் என்று பெயர் பெற்ற பின்னும் அவர் யமவோகாவாகவே இருந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

முதலில் சர்க்காரின் நிபந்தனையைப் பார்ப்போம். ஜப்பானில் குழந்தை பிறந்த 14 நாட்களுக்குள் தகவல் பதிய வேண்டும். ஜப்பானியப் பிரஜையாகிய குழந்தையின் பெயரை இரண்டு வகை அசையெழுத்துக்களிலோ, அநுமதி பெற்ற சித்திர எழுத்துக்களிலோதான் எழுதலாம். பொது உபயோகத்துக்கு 2,136 சித்திர எழுத்துக்களும், பெயர்களுக்கென்றே 863 எழுத்துக்களும் உண்டு. 2025 மே மாதம் முதல் பெயரின் உச்சரிப்பும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது. குடும்பப் பெயர், சொந்தப் பெயர் ஆகிய இரண்டுக்கே அதில் இடம். நடுவில் மூன்றாவது பெயருக்கு இடமில்லை.

மார்க்கம் என்ன சொல்லுகிறது? அரபுப் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அர்த்தம் நல்லதாயிருக்க வேண்டும் என்பதே பிரதானம். 'கீழ்ப்படியாதவள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட பெண்ணுக்கு, 'அழகி' என்று பொருள்படும் ஜமீலா என்னும் பெயரை நபிகள் நாயகம் சூட்டியதாக ஹதீஸ் கூறுகிறது. ஆகவே சூரிய தேவதையின் பெயராகிய அமதெராசு ஆகாது. ஆனால் ஹிகாரி (ஒளி), மகோதோ (சத்தியம்), மெகுமி (அருள்), நொசோமி (நம்பிக்கை) என்னும் பெயர்களுக்கு எந்த முஸ்லிம் ஆட்சேபம் சொல்லுவார்?

இரு பாஷைக்கும் பொதுவான பெயர்களும் உண்டு. ஹனா என்றால் ஜப்பானியத்தில் மலர். அரபியில் அதைப் போன்ற சொல்லுக்கு ஆனந்தம் என்று பொருள். ஸாரா என்பது இப்ராஹீம் நபியின் மனைவியாரின் பெயர். அதே ஒலியை ஜப்பானியர் எழுதும் சித்திர எழுத்துக்கள் நம் நாட்டுச் சால மரத்தைக் குறிப்பவை. லகரம் இல்லாத பாஷையில் 'சால' என்பது 'சாரா' ஆயிற்று! புத்தர் பரிநிர்வாணம் எய்தியது அம்மரத்தடியில் ஆயிற்றே என்று சிலர் தயங்கக்கூடும். மரம் ஆண்டவன் படைப்பு. அதன் நிழலில் யார் அமர்ந்தாலும் அது மரந்தான்.

எச்சரிக்கையும் வேண்டும். அலி என்னும் உத்தமமான பெயர் ஜப்பானியர் நாவில் 'அரி' ஆகிறது; அதற்கு எறும்பு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஜின் என்பது ஜப்பானியத்தில் கருணையைக் குறிக்கும் அழகிய பெயர். தொழுகைக்கு வந்தவர் காதில் அது பூதத்தின் பெயராக விழும். ஆகையால், எழுதிப் பார்ப்பதோடு நில்லாமல், இரண்டு பக்கத்துப் பாட்டிமாரிடமும் உரக்கச் சொல்லிப் பார்ப்பது நலம்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று எண்ண வேண்டாம். தேசத்துக்குரியவனாக இருக்க மார்க்கத்தை மறைக்க வேண்டுமா, மார்க்கத்துக்குரியவனாக இருக்கத் தேசத்தின் பாஷையைத் துறக்க வேண்டுமா என்ற கேள்விக்குக் குழந்தையின் பெயரே முதல் விடை. இந்தோனேஷியாவின் முதல் ஜனாதிபதி முஸ்லிம். பெயரோ பாரதத்துக் கர்ணனை நினைவூட்டும் சுகர்ணோ. அப்பெயரால் அவருடைய மார்க்கம் குறைந்துவிடவில்லை. ஹிகாரி என்று அழைக்கப்படும் சிறுமியும் அப்படியே. வீட்டார் அதை ஒளி என்று அறிவார்கள். அடுத்த வீட்டாரும் அவ்வாறே அறிவார்கள். ஒரு குழந்தை ஊரோடு ஒட்டி வாழ அதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?