ஊறல் மூலையை மூட வேண்டாம்: ஒரு சென்டில் நீர்ப்பிரமி

கிணற்றடித் தொட்டி வழிந்தோடும் இடம், மடைவாயின் கீழ்ப்பக்கம், வரப்போரத்துப் பள்ளம் என்று ஆண்டு முழுவதும் சொதசொதவென்று ஈரம் காயாத ஓர் இடம் அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அங்கே கத்தரி நட்டால் வேர் அழுகும். நெல் நடலாம் என்றால் இடம் போதாது. ஆகவே, கையில் கொஞ்சம் பணம் வந்ததும் விவசாயி செய்கிற முதல் வேலை, கல்லும் மண்ணும் கொட்டி அதை மேடாக்குவது அல்லது சிமென்ட் பூசிவிடுவது. அப்படி மூட வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்த ஊறல் மூலைக்கென்றே பிறந்த செடி ஒன்று நம் மண்ணில் இருக்கிறது. அதுதான் நீர்ப்பிரமி.

நீர்ப்பிரமியைப் பார்க்காத விவசாயி இருக்க முடியாது. பெயர் தெரியாமல் இருக்கலாம். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். இலை சிறியது, சதைப்பற்றானது, காம்பு இல்லாமல் எதிரெதிராக இருக்கும். மென்றால் நன்றாகக் கசக்கும். இலைக்கக்கத்தில் ஒற்றை ஒற்றையாக, ஐந்து இதழ் விரிந்தாற்போல, வெள்ளையும் வெளிர் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் பூக்கும். வல்லாரையை இதுவென்று எண்ணிவிடக் கூடாது. வல்லாரை இலை வட்டமாக, நீண்ட காம்புடன் இருக்கும். வடநாட்டில் இவ்விரண்டையுமே 'பிரம்மி' என்று சொல்வதால்தான் இந்தக் குழப்பம். பொடுதலையும் ஈரத்தில் படரும். ஆனால் அதன் இலை ஓரத்தில் பல் வெட்டு இருக்கும், பூக்கள் ஒரு குமிழாகக் கூடி நிற்கும்.

நான் வேளாண்மை மாணவனாக இருந்தபோது, களைச்செடிகளைச் சேகரித்து உலர்த்தி அட்டையில் ஒட்டித் தர வேண்டும். அதில் நீர்ப்பிரமியும் ஒன்று. நெல் வயல் வரப்பில் பிடுங்கி, 'அகன்ற இலைக் களை' என்று எழுதி ஒட்டினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு விரிவாக்கப் பணிக்கு வந்து, அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி தெளிக்கும்படி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வயலுக்குள் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வயலோடு நிற்காமல் வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் சேர்த்து அடித்துச் சுத்தப்படுத்தும் பழக்கம் வந்துவிட்டது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதன் விளைவை சென்ற ஆண்டு நேரில் கண்டேன். ஒரு நகரத்தின் ஓரத்தில், சாக்கடைக் கால்வாயில் இறங்கி ஒரு மூதாட்டி நீர்ப்பிரமியை அறுத்துக் கொண்டிருந்தார். நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பாராம். "இதை ஏம்மா இங்கே அறுக்கிறீங்க?" என்று கேட்டேன். "எங்க ஊரு வாய்க்கால்ல மெத்தை மாதிரி கெடந்துச்சுங்க ஐயா. அதுக்குத் தளம் போட்டுட்டாங்க. வரப்புல மருந்தடிச்சு அங்கயும் இல்லே. இங்கதான் தழதழன்னு இருக்கு" என்றார். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தழதழவென்று இருப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. நீர்ப்பிரமி, தான் நிற்கும் தண்ணீரில் உள்ள காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. கழிவுநீரைச் சுத்தப்படுத்த நல்ல செடி. ஆனால் அப்படிச் சுத்தப்படுத்திய செடி மருந்துக்கு ஆகாது. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்புச் சொன்னதும் நம் விவசாயிகள் அறிந்ததே. அத்தகைய நீரில் வளர்ந்த நீர்ப்பிரமிக்கும் நல்ல நீரில் வளர்ந்ததற்கும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நினைவாற்றலுக்கு என்று குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று யாருக்கும் தெரியாத நிலை வரக்கூடாது. நல்ல தண்ணீர் உள்ள சிறு விவசாயியின் தோட்டம்தான் இச்செடிக்குச் சரியான இடம்.

இனி, வளர்க்கும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு சென்ட் போதும். அரை சென்ட் ஆனாலும் சரி. பம்புசெட் தொட்டியின் வழிவு நீர் தானாக வந்து சேரும் இடமாகப் பார்க்க வேண்டும். சோப்பு நீரும், மாட்டுக் கொட்டகைக் கழிவும், பூச்சிமருந்து கரைத்த வாளி கழுவிய நீரும் அங்கே பாயக் கூடாது. களிமண் பூமியாக இருந்தால் ஓர் அடி ஆழம் வெட்டி மட்டப்படுத்தினால் போதும். மணல் பூமியில் ஈரம் நிற்காது. குழியின் அடியில் பழைய பாலிதீன் தாள் விரித்து, முழத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட வேண்டும். நீர் மெல்லக் கசியும். அழுகல் நாற்றம் வராது. பூச்சிமருந்து வந்த பைகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மேலே ஏரி வண்டல் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பிச் சேறாக்க வேண்டும்.

விதை தேட வேண்டாம். சுத்தமான வாய்க்கால் ஓரத்திலிருந்து, வேர்விட்ட கணுக்கள் உள்ள கொடிகளை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினால் அதுவே நாற்று. 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றினால் ஒரு சென்டுக்குச் சுமார் 1,000 துண்டுகள் பிடிக்கும். இருக்கிற இடத்தில் முழுவதையும் பிடுங்காமல், நாலில் ஒரு பங்கு மட்டும் எடுத்து வர வேண்டும். லக்னோ மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட 'சிம் ஜாக்ரிதி' போன்ற ரகங்களும் உண்டு. ஆனால் ஒரு சென்ட் பாத்திக்கு நம் ஊர்ச் செடியே போதுமானது.

நம் பக்கத்தில் ஆவணி, புரட்டாசியில் நடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்குள் வேர் பிடித்துவிடும். நட்ட முதல் மாதம் கவனம் தேவை. கோரை முந்திக்கொண்டால் நீர்ப்பிரமி தலையெடுக்காது. கையால்தான் எடுக்க வேண்டும். பிறகு அது மெத்தை போலப் படர்ந்து, மற்றவற்றை ஓரளவு அடக்கிவிடும். மண் எப்போதும் சேறாக இருக்க வேண்டும்; ஆனால் மேலே தண்ணீர் குளமாக நிற்க வேண்டியதில்லை. நீர் தேங்கினால்தானே கொசு? வெட்டுக்கிளி கடித்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்.

மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். வேரோடு பிடுங்கக் கூடாது. அடியில் இரண்டு மூன்று விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடியும் தழைக்கும். அறுத்ததை நல்ல நீரில் அலசி, நிழலில் பரப்பி, தினமும் புரட்டி உலர்த்த வேண்டும். குவித்துப் போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த சரக்கை வியாபாரி தள்ளிவிடுவார்.

"இதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு சென்ட் நீர்ப்பிரமி யாரையும் பணக்காரர் ஆக்காது. பச்சைச் செடியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்தபின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. ஆகவே, ஏக்கர் கணக்கில் நடச்சொல்லி, "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள். 2004-ஐ ஒட்டி வனிலா விலை ஏறியதையும் அடுத்த ஆண்டே சரிந்ததையும் பார்த்தோம். 2012-இல் ஈமு கோழி வளர்த்தவர்கள் பட்ட பாட்டை கொங்குநாட்டு விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவர் யார் என்று தெரியாமல் நெல் நிலத்தை மாற்றுவது புத்திசாலித்தனம் ஆகாது. பயன்படாத மூலையில் தொடங்கி, உள்ளூர் சித்த மருத்துவரிடமும் நாட்டு மருந்துக் கடையிலும் இரண்டு முறை விற்றுப் பார்த்து, அதன்பின் விரிவாக்குவதே முறை. "இது என் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது" என்று உங்களால் சொல்ல முடியும். அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சாக்கடையில் அறுத்துக் கட்டிய சரக்கை விற்பவரால் அதைச் சொல்ல முடியாது.

வீட்டில் பயன்படுத்துவோருக்கும் ஒரு வார்த்தை. இதன் சத்தான பாக்கோசைடுகள் பற்றி லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்துள்ளன. அதற்காக, கீரைபோல் கைநிறைய அள்ளிச் சாப்பிடலாம் என்பதில்லை. அளவு மீறினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். கர்ப்பிணிகளும், வேறு மருந்து சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடைசியாக, அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்காலுக்குத் தளம் போடுவதால் நீர்க்கசிவு குறைகிறது, கடைமடைக்குத் தண்ணீர் போகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் ஒரு நூறு அடியாவது கரையை மண்ணாகவே விட்டுவைத்தால் என்ன? நீர்ப்பிரமியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அங்கே பிழைத்துக் கிடக்கும். நாற்றுக்குத் துண்டு வேண்டும் என்று கேட்கும் விவசாயிக்கு அதுவே நாற்றங்கால்.

வரப்புக்கு மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். வெளிர் ஊதாவில் சிறு பூ தெரிந்தால், அன்றைக்குத் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு, நாலு கொடியை நறுக்கி உங்கள் ஊறல் மூலையில் ஊன்றிவிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அரை நாள் வேலைதான்.