பாட்டுப் பெட்டிக்கு ரப்பர் கால் தேவையா?

தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். இந்த வட்டாரத்தில் கருங்கல் வெட்டி எடுக்கிறார்கள். கல் ஏற்றிய லாரி சாலையில் போனால், ஓரத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அலமாரியில் எவர்சில்வர் தட்டு கிணுகிணுக்கும்.

அந்த வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தால், அதன் பாட்டும் கெடுமா?

இந்தக் கேள்வியை வைத்துப் பல நாடுகளில் வியாபாரம் நடக்கிறது. பெட்டிக்கு அடியில் வைக்க ரப்பர் கால், உலோகக் கூம்பு, விசேஷப் பலகை என்று விற்கிறார்கள். "இதை வைத்தால் பாட்டு தெளிவாகும்" என்கிறார்கள்.

இது உண்மையா? அசைந்து வேலை செய்யும் கருவிக்கு உண்மை. அசையாத கருவிக்கு வீண் செலவு!

ஊசி படும் பாடு

முதலில் இசைத்தட்டைப் பார்ப்போம். இது பழைய சாமான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது சுமார் 3 கோடியே 30 லட்சம்தான்!

இசைத்தட்டில் மெல்லிய பள்ளம் இருக்கிறது. அதில் ஊசி ஓடுகிறது. பள்ளத்தின் வளைவுக்கு ஏற்ப ஊசி நடுங்குகிறது. அந்த நடுக்கமே பாட்டாக மாறுகிறது. நடுக்கம் பாட்டினால் வந்ததா, லாரியினால் வந்ததா என்று ஊசிக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பாடும்.

ஒலிபெருக்கியையும் அதே மேஜையில் வைத்தால் தொல்லை இரட்டிப்பு. ஒலிபெருக்கி மேஜையை அதிர வைக்கும். மேஜை ஊசியை அதிர வைக்கும். அந்த அதிர்வு மீண்டும் ஒலிபெருக்கியில் வரும். சத்தத்தைக் கூட்டினால் பெட்டி ஊளையிடும்!

அசையாத பெட்டி

ஆம்ப்ளிபயர் கதை வேறு. பழைய வால்வு ரேடியோவில் வால்வைத் தட்டினால், உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பிகள் ஆடி 'டங்' என்று சத்தம் வரும். 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் ஆடும் கம்பி இல்லை. ஆகவே இன்றைய ஆம்ப்ளிபயரில், வீட்டில் ஏற்படும் அதிர்வு காதுக்குக் கேட்காது.

சி.டி. சுழலத்தான் செய்கிறது. ஆனால் அதில் பாட்டு எண்களாகப் பதிவாகி இருக்கிறது. சில எண்கள் தவறினாலும், கருவியே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். பலமாக இடித்தால் பாட்டு தாண்டும். அதற்காகக் குரல் மங்காது.

செல்போனில் பாட்டு இருக்கும் இடத்தில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் செல்போன் பாகங்கள் தயாராகின்றன. அந்தப் போனைக் கல்லின் மேல் வைத்தாலும் மெத்தையின் மேல் வைத்தாலும், அதில் பதிந்த பாட்டு மாறாது.

செலவில்லாத வழி

இசைத்தட்டுக் கருவி வைத்திருப்போர் என்ன செய்யலாம்? சமையல் மேடை கட்டியபோது மிஞ்சிய கருங்கல் பலகை போதும். அதன் அடியில் நான்கு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் துண்டு வையுங்கள். கருவியை மேலே வையுங்கள். கனமான கல்லை அசைப்பது கடினம்; ரப்பர் அதிர்வை விழுங்கும். ரப்பர் இல்லாமல் கல்லை மட்டும் வைத்தால் பலன் குறைவு.

ஒலிபெருக்கியைத் தனி இடத்தில் வையுங்கள். அதுவும் அசையும் கருவிதான். பாத்திர அலமாரி மேல் வைத்தால், பாட்டோடு பாத்திரமும் பாடும். அடியில் ரப்பர் வைத்தால் இந்தச் சத்தம் குறையும்.

கடைக்காரர் விலை உயர்ந்த கால்களை நீட்டினால், ஒரு பரீட்சை வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். இன்னொருவர் அந்தக் கால்களை வைத்தும் எடுத்தும் பத்து முறை மாற்றட்டும். எப்போது கால் இருந்தது என்று சொல்லுங்கள். பத்துக்கு ஐந்துதான் சரி என்றால், அது காசு சுண்டிப் போட்டுச் சொன்னதற்குச் சமம்.

பெட்டிக்கு அடியில் எதை வைப்பது என்று யோசிக்கும் முன், பெட்டிக்குள் எது அசைகிறது என்று கேளுங்கள். எதுவும் அசையவில்லை என்றால், பணம் பையிலேயே இருக்கட்டும்.