எடைக்குப் போட்ட ஏடுகளும் வந்தேறிப் பட்டமும்

“பழைய பத்திரிகையைப் புரட்டி என்ன ஆகப்போகிறது? லைன் வீட்டுக்குப் பத்திரம் வாங்க வழி பாருங்கள்” என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். “நேற்று வந்தவர்கள் நீங்கள், உங்களுக்கு இந்த மண்ணில் என்ன சரித்திரம்?” என்று கேட்கிறது இன்னொரு கூட்டம். முதலில் சொன்னவர் நமக்கு வேண்டியவர். இரண்டாவதாகக் கேட்பவர் நம்மைக் கண்டால் ஆகாதவர். ஆனால் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். கூலிக்காரனுக்குச் சரித்திரம் எதற்கு என்கிற இடம் அது. ஆகவே இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். 1873இல் லாவெல் என்ற வெள்ளைக்காரர் மைசூர் சர்க்காரிடம் சுரங்க உரிமை கேட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரைக்கும் ரயில் பாதை போட்டார்கள். 1891ஆம் வருஷக் குடிக்கணக்கில் தங்கவயலில் இருந்தவர்கள் 7,085 பேர். 1901இல் 38,204 பேர். பத்தே வருஷத்தில் ஐந்து மடங்கு! இந்த ஜனம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து, பெரும்பாலும் சேரிகளிலிருந்து, மூட்டை முடிச்சோடு வந்த ஜனம் இது. ஊரில் நிலமில்லை. நிலமிருந்தவனிடம் மரியாதை இல்லை. பூமிக்குள் இறங்கினாலும் பரவாயில்லை என்று வந்தார்கள்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கம்பி இழுக்கத் திட்டம் போட்ட அதிகாரிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மின்சாரத்தில் ஓடிய தொட்டியில் இறங்கி, மேலே வந்தால் நம் நாள், வராவிட்டால் சாமி நாள் என்று உழைத்தவன் பெயர் எங்கே இருக்கிறது? சுரங்கத் துறை ஆண்டறிக்கையைத் திறந்தால் அவன் ஓர் எண்ணிக்கை. இத்தனை விபத்து, இத்தனை சாவு, அவ்வளவுதான்.

அவன் பெயர் தேவைப்படாத கம்பெனிக்கு அவன் கைரேகை மட்டும் தேவைப்பட்டது. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் ரேகை எடுத்துப் பதிவுச் சீட்டு கொடுப்பதாகக் கிளம்பினார்கள். ரேகை எடுப்பது கைதியிடம் அல்லவா, நாங்கள் என்ன திருடர்களா என்று ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள் நம் பாட்டன்மார். தொழிற்சங்கமே சரியாக வேர் பிடிக்காத காலம் அது. கூலி உயர்வை மட்டும் கேட்டு நடந்த போராட்டமாக அதை நினைக்கக்கூடாது. மனுஷனை மனுஷனாகப் பதிவு செய் என்று கேட்ட போராட்டம். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

கம்பெனி ரிக்கார்டில் பெயர் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்? பட்டாவில் தேட முடியாது, பட்டா இருந்தால் ஏன் வந்திருக்கப்போகிறார்கள்? கோயில் கல்வெட்டில் தேட முடியாது, கோயிலுக்குள் விட்டால்தானே? ஓலைச்சுவடியும் கிடையாது. மிஞ்சியிருப்பது கிழவிகளின் நாக்கும், காலணாவுக்கு விற்ற பத்திரிகையும்தான்.

காலணாப் பத்திரிகை என்று சும்மா சொல்லவில்லை. 1907 ஜூன் மாதம் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார ஏட்டைத் தொடங்கினார். விலையையே பெயராக வைத்த ஏடு. மறு வருஷம் அது ‘தமிழன்’ ஆயிற்று. மாரிகுப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கம் ஏற்பட்டதும் அதே காலத்தில்தான். பண்டிதர் 1914இல் இறந்தார், ஏடும் பிறகு நின்றுபோயிற்று. அதை 1926இல் மறுபடி உயிர்ப்பித்தது எந்த ஊர் என்கிறீர்கள்? மெட்ராஸ் அல்ல, மதுரை அல்ல. பண்டிதமணி அப்பாதுரையார் முதலானவர்களின் முயற்சியில் தங்கவயலில் உயிர்ப்பித்தார்கள். சுரங்கத் தொழிலாளி சம்பளத்தில் பைசா பைசாவாகச் சேர்த்து ஒரு தமிழ்ப் பத்திரிகையை நடத்தினான். “நேற்று வந்தவர்கள்” செய்கிற காரியமா இது?

இந்த மாதிரி ஏடுகளில் தலையங்கத்தைத்தான் படித்தவர்கள் தேடுவார்கள். நாம் கடைசிப் பக்கத்தையும் தேட வேண்டும் என்கிறோம். சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார், கல்யாணம் யாருக்கு யாரோடு, இறந்தவர் யார், நன்கொடை கொடுத்தவர் எவரெவர், சந்தா பாக்கி வைத்தவர் யார் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் வருகிற இடம் அது. பெரிய மனிதருக்கு அது குப்பை. நமக்கு அது வம்சாவளி. ராஜாவுக்கு மெய்க்கீர்த்தி உண்டென்றால் மேஸ்திரிக்கும் மண்வெட்டிக்காரனுக்கும் நன்கொடைப் பட்டியல் உண்டு.

நாட்டுப்புறக் கதைகளைச் சரித்திரச் சான்றாக வைத்துப் பேசியதிலும் பண்டிதர் முன்னோடி. போகி, தீபாவளி, ஆடி மாதத்து அம்மன் கூழ், நந்தன் கதை என்று சனங்கள் சொல்லிவந்ததையெல்லாம் எடுத்து, இதற்குள் வேறொரு பழைய நினைவு இருக்கிறது என்று எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அப்படி வந்ததுதான். அவர் சொன்ன சொல் விளக்கம் எல்லாம் இன்றைக்கு நிற்கும் என்று நாம் வாதாட வரவில்லை, சில நிற்காது. ஆனால் பாட்டி சொன்ன கதையை ‘மூடக்கதை’ என்று தள்ளாமல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினாரே, அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டும்.

இவ்வளவும் எப்படித் தப்பிப் பிழைத்தது? சர்க்கார் காப்பாற்றவில்லை. ஏழைப் பௌத்தக் குடும்பங்களும் அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்களும் கட்டுக் கட்டாக வைத்துக் காத்தார்கள். 1950களில் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை சில நூல்களை மறுபடி அச்சிட்டது. 1999இல்தான் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. அதன் பிறகுதான் படித்த உலகம் “அப்படியும் ஒருவர் இருந்தாரா?” என்று மூக்கில் விரலை வைத்தது. நடுவில் யாராவது ஒரு மருமகப்பிள்ளை அந்தக் கட்டுகளை எடைக்குப் போட்டிருந்தால்?

போட்டுத்தான் இருக்கிறார்கள். 1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’ என்று ஒடுக்கப்பட்டோர் நடத்திய ஏடுகள் வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஏடு எங்கே? பெயர்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ ஏட்டின் முழு வரிசையை எவனால் காட்ட முடியும்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்கார சர்க்கார் சுதேசிப் பத்திரிகைகளை வேவு பார்த்து, வாராவாரம் இங்கிலீஷில் சுருக்கம் எழுதி அறிக்கை அடித்துக்கொண்டது. மூல ஏடு அழிந்து, அந்த வேவு அறிக்கையில் நாலு வரியாக மட்டும் மிஞ்சிய பத்திரிகைகள் பல. நம்மைச் சந்தேகப்பட்டவன் பத்திரப்படுத்தினான், நம் பிள்ளைகள் பட்டாணி மடித்தார்கள்!

ரயில்வேயில் காகிதத்தோடு மாரடிக்கிறவர்கள் நாங்கள். எந்தப் பதிவேட்டை எத்தனை வருஷம் வைக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தவணை முடிந்தால் கிழித்துப் போட வேண்டியதுதான், அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி காகிதத்தை நம்பி இருந்தால் நாளைக்கு நம் கையில் சாம்பலும் சயனைடு மண்மேடும்தான்.

லைன் வீட்டுப் பத்திரம் கேட்ட தோழருக்கு இப்போது வருவோம். சரித்திரம் வேறு, சோறு வேறு என்று அவர் நினைக்கிறார். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது 1950 ஆகஸ்டு 10இல். அன்றைக்கு நம் குடும்பம் நிலையாக எந்த மாநிலத்தில் வாழ்ந்தது என்பதை வைத்துத்தான் இங்கே பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்துப் பட்டியலை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1990இல் சொல்லிவிட்டது. ஆக, “தாத்தா எப்போது வந்தார்?” என்ற கேள்வி திண்ணைப் பேச்சல்ல. தாசில்தார் ஆபீஸ் ஜன்னலில் கேட்கிற கேள்வி. நாலு தலைமுறையாகத் தங்கவயல் மண்ணில் புதைந்த குடும்பத்துப் பெண், “தமிழ் பேசுகிறாய், உன் ஊர் எது?” என்று கேட்டால் விழிக்கிறாள். பத்திரிகைத் துண்டு ஒன்றைக் காட்டினால் சான்றிதழ் கொடுத்துவிடமாட்டார்கள், தெரியும். ஆனால் எந்த வருஷம், எந்தப் பள்ளி, எந்தச் சர்ச், எந்தச் சங்கம் என்று அந்தத் துண்டு வழிகாட்டும். அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அப்புறம் போய்க் கேட்கலாம். வருஷமே தெரியாமல் போய் நின்றால் எந்தக் குமாஸ்தாவும் அலமாரியைத் திறக்கமாட்டான். குமாஸ்தாக்கள் நாங்களே சொல்கிறோம்.

தேடுவதிலும் சூட்சுமம் உண்டு. பழைய ஏட்டில் பங்காரப்பேட்டை என்று தேடினால் கிடைக்காது, பவுரிங்பேட்டை என்று தேட வேண்டும். சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்த செய்தியை அந்தக் காலத்து இங்கிலீஷ் அறிக்கைகளில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற பெயரில் தேட வேண்டும். தாத்தாவுக்கு ஊர் “ஆற்காடு ஜில்லா” என்று வீட்டில் சொன்னால் உடனே வேலூருக்கு ஓடாதீர்கள். 1911இல் சித்தூர் ஜில்லா பிரிவதற்கு முன் அங்கிருந்த தாலுகாக்கள் பல வட ஆற்காட்டில்தான் இருந்தன. உங்கள் பூர்வீகக் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். வட ஆற்காடு ஜில்லாவே 1989இல் இரண்டாயிற்று, 2019இல் வேலூரும் மூன்றாயிற்று. பெயரும் அப்படித்தான். சேரியில் ஒரு பெயர், சர்ச்சில் ஒரு பெயர், பௌத்த சங்கத்தில் இன்னொரு பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். தகப்பன் பெயரையும் லைன் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடுவார்.

பெண்கள் விஷயம் இதைவிடக் கஷ்டம். பத்திரிகை அவர்களை “இன்னார் மனைவி” என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஆனால் ஒப்பாரியில் வேறு கதை. பிறந்த ஊர், அண்ணன் தம்பி, சீர் கொண்டுவந்த வழி, வாழ்க்கைப்பட்ட இடம், தாலியறுத்த காரணம் எல்லாவற்றையும் வைத்துத்தான் நம் தாய்மார் அழுவார்கள். தேதி மட்டும் இருக்காது. பத்திரிகையில் தேதி இருக்கும், உள்ளம் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு குடும்பம் எழுந்து நிற்கும். லைன் அம்மன் கோயில் திருவிழாவில் முதல் கரகம் எந்த வீட்டுக்கு என்ற வழக்கத்துக்குள்ளும் யார் முதலில் குடியேறினார்கள் என்ற செய்தி ஒளிந்திருக்கும், கேட்க வேண்டும்.

அச்சில் வந்ததாலேயே அது வேதமும் அல்ல. முதலாளிக்கு வேண்டிய பத்திரிகை சுரங்கச் சாவை எப்படி எழுதும், தொழிலாளிக்கு வேண்டிய பத்திரிகை எப்படி எழுதும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டியும் சில நேரம் தன் மாமியாரைப் பழிவாங்கக் கதை சேர்ப்பாள். ஒன்றை வைத்து ஒன்றைக் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு வியாதியும் கூடவே வருகிறது. பழைய ஏட்டில் நாலு வரி கிடைத்ததும், “நாங்கள் ஆண்ட பரம்பரை, இன்ன ராஜாவுக்குத் தாயாதி” என்று சாதிக்கு ஒரு புத்தகம் போட்டு விற்கிறார்கள். நம் லைனில் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தவர்களைப் பிரிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எந்த ராஜாவும் நமக்குத் தாத்தா ஆக வேண்டாம். தொட்டியில் இறங்கிய தாத்தா போதும். அவருக்குப் பக்கத்தில் தெலுங்கரும் கன்னடத்தவரும் மலையாளியும் இறங்கினார்கள். அவர்கள் பெயரும் அந்தச் சாவுக் கணக்கில்தான் தொலைந்திருக்கிறது. பழைய கன்னட, தெலுங்கு ஏடுகளில் அவர்கள் பிள்ளைகளும் தேடட்டும், நாமும் கூடப் போவோம். வந்தேறிப் பட்டம் கட்டுகிறவனுக்கு இதைவிட எரிச்சல் மூட்டுகிற காட்சி வேறு இல்லை.

இன்னொரு வார்த்தை, நம் சங்கங்களுக்கு. ஆண்டு மலர் போடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஜவுளிக்கடை வாழ்த்து, தலைவர் படம், பொன்னாடைப் படம். லைனுக்கு லைன் மூத்த குடிகளின் பட்டியல் போட ஒரு பக்கம் ஒதுக்கினால் மலர் வாடியா போய்விடும்?

இன்று தங்கவயல் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அவர்களுக்கு நூலகம் போக நேரமில்லை என்பது உண்மை. ஆகவே வேலையைப் பங்கு போடுவோம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பெங்களூர் ஆவணக் காப்பகத்திலும் உட்காரப் பென்ஷன் தோழர்கள் முன்வர வேண்டும். பாட்டிகளிடம் கேட்டு எழுதும் வேலை பள்ளிப் பிள்ளைகளுக்கு. வீட்டு ட்ரங்குப் பெட்டிகள் தாய்மார் பொறுப்பு. பெட்டிக்கு அடியில் விரித்த தாள், பழைய போட்டோ சட்டத்துக்குப் பின்னால் ஒட்டிய தாள், பைபிளுக்குள்ளும் பஞ்சாங்கத்துக்குள்ளும் மடித்து வைத்த தாள் எதையும் உருவி இழுக்காதீர்கள், பொடியாகிவிடும். பசை போடாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். இருக்கிறபடியே ஒரு அட்டையில் வைத்து, செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, யார் வீட்டில், எந்தப் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தாளை உங்களிடமே திருப்பித் தருவோம். படத்தை மட்டும் வைத்துக்கொள்வோம்.