களப்பணியும் உரையாடற்றிறனும்

சமூகப்பணி பயிலும் மாணவர்க்கு வகுப்பறை பாதி, களம் பாதி. நம் நாட்டில் இக்கல்விக்கென முதற்பள்ளி 1936-ஆம் ஆண்டிற் பம்பாயில் தோன்றியது. பின்னெழுந்த பள்ளிகளும் களப்பணியைப் பாடத்தின் இன்றியமையாப் பகுதியாகவே கொண்டுள்ளன. அப்பணியில் மாணவரை மதிப்பிடுங்கால் உரையாடற்றிறனும் நோக்கப்படுகின்றது. செவிப்புலன் குறைந்தவரும், பார்வையற்றவரும், திக்கிப் பேசுவோரும் அவ்விடத்து எவ்வாறு அளக்கப்படல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

தடையின்றி விரைந்து பேசுதலே திறன் என்பார் உளர். அது மேடைக்கு அழகாகலாம். துன்புற்றோர் முன் அமர்ந்தவர்க்கு வேண்டுவதோ, அவர் கூறுவதைச் செவ்வனே உணர்தலும், தாம் கூறுவதை அவர் உணரச் செய்தலுமேயாம். வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓரதிகாரம் வகுத்தாற்போலக் கேள்விக்கும் ஓரதிகாரம் வகுத்தனர். உணர்தலும் உணர்த்தலும் நாவினாலும் செவியினாலும் மட்டுமே நிகழ்வன அல்ல. எழுத்தாலும் சைகையாலும் நிகழ்வனவே.

ஆதலின் வேண்டப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் எளியனவே. செவிப்புலன் குறைந்தவர்க்கு அமைதியான அறையும், பேசுவோர் முகத்தில் ஒளிபடும் இருக்கையும், தொலைபேசிக்கு ஈடாக எழுத்துச் செய்தியும் வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் உடனிருப்பின், அவரும் இரகசியம் காக்கும் கடப்பாடுடையவர். பார்வையற்றவர்க்கு நிலையத்தின் பதிவேடுகள் கணினி வாசித்துக் காட்டத்தக்க வடிவில் அமைதல் வேண்டும். திக்கிப் பேசுவோர்க்கு இடைமறியாத பொறுமையும், எழுத்தில் இடர்ப்படுவோர்க்கு அறிக்கை எழுதச் சற்று மிகுந்த காலமும் போதும்.

இவை இரக்கத்தால் ஈயும் சலுகைகள் அல்ல. 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழுவகைக் குறைபாடுகளையே கூறிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. அரசினர் கல்லூரிகளிலும் அரசுதவி பெறும் கல்லூரிகளிலும் உயர்கல்வி இடங்களுள் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் ஒதுக்குமாறும், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்யுமாறும் அது பணிக்கின்றது. இடம் அளித்தல் வேறு. இயங்க வழி அளித்தல் வேறு. முன்னதைச் செய்து பின்னதை மறத்தல், விருந்தினரை அழைத்துவிட்டு வாயிலை அடைப்பதனை ஒக்கும்.

"இதனால் உதவி நாடி வருவோர்க்கு இடர் நேராதோ?" என்று வினவுவார் உளர். வினா தக்கதே. தரம் அணுவளவும் தாழலாகாது. வந்தவர் தம் கருத்தை உணர்த்தினாரா, தமக்குக் கூறியதை உணர்ந்தாரா, அவர்தம் இரகசியம் காக்கப்பட்டதா என்பனவற்றை எல்லா மாணவர்க்கும் ஒப்ப வினவுக. ஏற்பாடுகள் செய்த பின்னரும் ஒருவர் தேறாராயின், தேறவில்லையென்றே எழுதுக. ஏற்பாடு செய்யாது தேறவில்லையென்றல், மாணவரை அளந்ததாகாது. நிலையத்தின் படிக்கட்டை அளந்ததேயாகும்.

களப்பணி தொடங்குமுன் மாணவரும் ஆசிரியரும் நிலையத்து மேற்பார்வையாளரும் ஒருங்கமர்ந்து, வேண்டுவனவற்றை எழுத்தில் உறுதி செய்தல் நன்று. சில வாரங்கட்குப்பின் அதனை மீண்டும் நோக்குதலும் வேண்டும். மாணவர்தம் இசைவின்றி அவர் குறையைப் பிறர்க்கு அறிவித்தல் முறையன்று. மாணவரும் இறுதி மதிப்பீடு வருமளவும் வாளாவிராது, தமக்கு வேண்டுவதை முன்னரே தெளிவுறக் கூறல் வேண்டும், அதுவும் உரையாடற்றிறனே.

நிலையங்களிற் பொறுப்பு வகிக்கும் பழைய மாணவர்களை நாம் வேண்டுவது ஒன்றே. இத்தகைய மாணவர் ஒருவர் உங்கள்பால் வருங்கால், "இவரால் இயலுமா?" என்று வினவற்க, "இவர்க்கு இயல யாம் செய்யத்தக்கது யாது?" என்று வினவுக.